வேட்பாளர்கள் சொல்லும் மருத்துவக் காப்பீட்டை எப்படி ஒப்பிடுவது? (ஏற்காடு தொகுதி, சேலம்)

வாழப்பாடி கணக்கன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வாழப்பாடி பக்கம் ஒரு சின்ன சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊர் ஏற்காடு தொகுதியில் வருகிறது. சட்டமன்றத் தேர்தலுக்கு வீடு வீடாக ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் காப்பீட்டுத் தொகையை ஏற்றப்போகிறோம் என்கிறார், இன்னொருவர் நாங்கள்தான் கொண்டுவந்தோம் என்கிறார், அதற்குள் மூன்றாமவர் வந்து அது எங்கள் திட்டம், பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள் என்கிறார். யார் என்ன செய்தார்கள், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன ஆவணியில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. 68 வயது. ராத்திரி பத்தரை மணிக்கு சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம், பெயர் வேண்டாம். ஆஞ்சியோ பார்த்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தார், அந்த மருத்துவர் கையைப் பிடித்துக் கும்பிட்டேன், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் காப்பீட்டு அட்டையை நீட்டியபோது இது பழையது, புதிதாக வருமானச் சான்று வேண்டும் என்றார்கள். என் சம்பளம் மாதம் 14,500. வருஷத்துக்கு 1,74,000 ஆகிறது. அரசுத் திட்டத்துக்குக் குடும்ப வருமான வரம்பு 1,20,000. சரி, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கிறதா என்று கேட்டார்கள். எங்கள் ஆலையில் இருப்பது ஏழு பேர், பத்துப் பேர் இருந்தால்தான் இ.எஸ்.ஐ. வரும். ஆகமொத்தம் எதிலும் இல்லை. 1,85,000 ரூபாய் கட்டினோம். அம்மாவின் வளையல் இன்னும் அடகில் இருக்கிறது.

ஏழைக்குத் திட்டம் இருக்கிறது, வசதியானவர் பாலிசி எடுத்துக்கொள்கிறார். என்னை மாதிரி நடுவில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி எந்தக் கட்சியாவது ஏதாவது சொல்லியிருக்கிறதா?

---

ஆத்தூர் வாத்தியார் (ஓய்வு) எழுதியது:

தம்பி, அப்பா இப்போது நன்றாக இருக்கிறார் என்று நினைக்கிறேன். மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்த விடாதீர்கள்.

மூன்று பேர் சொன்னதும் பாதி பாதி உண்மை. 2009 ஜூலையில் கலைஞர் கருணாநிதி ஆட்சியில் உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான காப்பீட்டுத் திட்டம் வந்தது, குடும்பத்துக்கு 1 லட்சம். 2011ல் ஆட்சி மாறியதும் ஜெயலலிதா அதை நிறுத்திவிட்டு, 2012 ஜனவரி 11ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். வருஷத்துக்கு 1 லட்சம், சில பெரிய சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம். பிறகு 2018ல், நம் மாவட்டத்துக்காரரான எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது, மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைத்தார்கள், அதன் பிறகுதான் 5 லட்சம் ஆனது. 2021ல் வந்த ஸ்டாலின் அரசு அதே பெயரில் தொடர்ந்து நடத்தியது. 2022ல் வருமான வரம்பை 72,000லிருந்து 1,20,000 ஆக்கியது. 5 லட்சத்துக்கு மத்தியில் ஆளும் பா.ஜ.க.வும் பெருமை கொண்டாடும். ஆனால் மத்திய அரசு 60 சதவீதம் தருவது 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும்தான், மீதிக் குடும்பங்களுக்கான முழுச் செலவும் மாநிலத்தின் தலையில்.

ஆகவே, திட்டம் யாருடையது என்ற சண்டையில் நேரம் போக்காதீர்கள், எந்தப் பெரிய கட்சியும் அதை எடுக்கப் போவதில்லை. வரம்பைப் பாருங்கள். 2012ல் வைத்த 72,000 பத்து வருஷம் அப்படியே கிடந்தது. அந்தப் பத்து வருஷத்தில் இரண்டு கட்சியும் இதை ஒரு பிரச்சினையாகவே எடுக்கவில்லை, அது எனக்கு இன்னும் வருத்தம்தான். இப்போதைய 1,20,000 என்றால் மாதம் 10,000. நாள் கூலி 400க்கு 25 நாள் வேலைக்குப் போனாலே ஒரே ஆள் அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவார், கணவன் மனைவி இரண்டு பேரும் போனால் கேட்கவே வேண்டாம். அப்படியும் சான்று கிடைக்கிறது என்றால் வி.ஏ.ஓ.க்கள் மனிதாபிமானத்தோடு எழுதுகிறார்கள் என்று அர்த்தம். ஒரு குடும்பத்தின் உயிர் அப்படி ஒருவரின் நல்ல மனசை நம்பி இருக்கலாமா?

நடுவில் இருப்பவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் காங்கிரஸ் தன் அறிக்கையில் ராஜஸ்தான் மாதிரி 25 லட்சம் வரை பணமில்லாக் காப்பீடு என்று எழுதியது. பா.ஜ.க. 70 வயது தாண்டிய எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்றது, வென்று வந்து 2024 அக்டோபர் 29ல் தொடங்கியும் விட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு இன்னும் இரண்டு வருஷம். வருமானம் பார்க்காமல் வயதை மட்டும் பார்த்தது நல்ல ஆரம்பம்தான், ஆனால் 45 வயதில் மாரடைப்பு வந்தவனுக்கு அதில் இடமில்லை. 2024ல் தி.மு.க.வும் காங்கிரசும் ஒரே கூட்டணியில்தான் நின்றார்கள். அந்த 25 லட்சத்தைப் பற்றி மாநிலத்தில் உங்கள் நிலை என்ன என்று தி.மு.க.காரரிடம் கேட்கலாம். அ.தி.மு.க.காரர் வந்தால், உங்கள் ஆட்சியில் ஏன் 72,000லேயே விட்டீர்கள், இப்போது எவ்வளவு ஆக்குவீர்கள் என்று கேளுங்கள். இதுவரை ஆளாத கட்சிகள் எல்லோருக்கும் இலவசம் என்று சொன்னால், அதற்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று கேளுங்கள். கோபப்பட மாட்டார்கள். பதில் வைத்திருப்பவர் சொல்வார்.

---

காப்பீட்டு மேசை எழுதியது:

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன், இப்போது வேறு வேலை. வாத்தியார் ஐயா அரசியலைச் சொல்லிவிட்டார், மேசைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

5 லட்சம் என்பது ஒரு வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு உச்ச அளவு. அதைக் கையில் கொடுப்பதில்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ் விலை உண்டு, அதாவது திட்டம் தருவதாக முன்பே நிர்ணயித்த தொகை. மருத்துவமனை முதலில் ரிப்போர்ட்களை அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும், முடிந்த பிறகு பணம் கேட்க வேண்டும். ஒரு மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இருந்தால் எல்லா நோய்க்கும் இருக்கிறது என்று அர்த்தம் கிடையாது. எலும்புக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. ஜனங்கள் அட்டை செல்லும் என்று நம்பி வந்து கவுன்டரில் அழுவதற்கு இதுதான் பெரிய காரணம். நானே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது, பேக்கேஜ் விலை குறைவு என்று நினைக்கும் மருத்துவமனை வித்தியாசத்தை நோயாளியிடம் வாங்கப் பார்க்கும். ஒப்புதல் வாங்கிய சிகிச்சைக்கு நோயாளியிடம் ஒரு பைசா வாங்கக்கூடாது, இதுதான் விதி. ஆனால் அது வேறு மருந்து, இது வேறு டெஸ்ட், நல்ல ஸ்டென்ட் வேண்டுமென்றால் கூடுதல் என்று சொல்வார்கள். ஐ.சி.யு. வாசலில் நிற்கும் மகன் விதியைப் பேசுவானா? கட்டிவிடுவான். யாராவது பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், அட்டையில் ஒப்புதல் வாங்கியிருக்கும்போது எதற்கு இந்தத் தொகை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பாதி இடத்தில் அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் 104 சுகாதார உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், கலெக்டர் ஆபீசில் காப்பீட்டுத் திட்ட அலுவலகமும் இருக்கிறது.

அதனால் எந்த வேட்பாளர் வந்தாலும் நான் கேட்கப் போவது தொகையைப் பற்றி இல்லை. சேலம் மாவட்டத்தில் எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு அட்டை செல்லும் என்று ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீசிலும் தமிழில் எழுதி ஒட்டுவீர்களா? அட்டையை வைத்துக்கொண்டே பணம் வாங்கிய இடத்தின் மீது புகார் போனால் எத்தனை நாளில் பணம் திரும்பி வரும்? காப்பீட்டின் தரம் இந்த இரண்டில்தான் இருக்கிறது. 5 லட்சத்தை 10 லட்சம் ஆக்கினாலும் பேக்கேஜ் விலையும் புகார் வழியும் மாறாவிட்டால் கவுன்டரில் நடப்பது அப்படியேதான் இருக்கும்.

கணக்கன் தம்பிக்கு ஒரு விஷயம். அப்பா பெயரில் தனி ரேஷன் கார்டு இருந்து, அவரும் அம்மாவும் தனியாக வாழ்வது உண்மையாக இருந்தால், அவர்கள் வருமானத்தை மட்டும் வைத்துச் சான்று கேட்கலாம். பொய்யாகப் பிரிக்கச் சொல்லவில்லை. உண்மை நிலை அதுவானால் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டாம்.

---

மாரமங்கலம் மலை எழுதியது:

நானும் இதே தொகுதிதான், ஆனால் மேலே, மலையில். ஏற்காடு தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது, தமிழ்நாட்டில் இதுவும் சேந்தமங்கலமும் மட்டும்தான் அப்படி. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் கீழே வாழப்பாடியிலேயே அதிக நாள் இருந்துவிட்டு மேலே இரண்டு நாள் வந்து போகிறார்கள் என்பது எங்கள் மனக்குறை.

எங்கள் வீட்டில் அட்டை இருக்கிறது. பெரும்பாலும் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. காப்பி எஸ்டேட்டில் கூலிக்குப் போகிற குடும்பங்கள், வருமானச் சான்றில் சிக்கல் இல்லை. சிக்கல் அட்டை செல்லுகிற இடத்துக்குப் போய்ச் சேர்வதில்தான். ஏற்காடு டவுனிலிருந்து சேலத்துக்கு முப்பது கிலோமீட்டர் போல, இருபது கொண்டை ஊசி வளைவு. அந்த டவுனுக்கு வந்து சேரவே எங்கள் ஊரிலிருந்து ஒரு பயணம் போக வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் போச்சு. என் சித்திக்குப் பக்கவாதம் வந்தபோது காலை ஆறு மணிக்கு வாய் கோணியது, சேலம் ஜி.ஹெச். வாசலில் இறக்கியபோது மணி பதினொன்றரை. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அங்கே மருத்துவர்கள் நன்றாகவே பார்த்தார்கள், ஆனால் நேரம் தாண்டிவிட்டது. சித்திக்கு வலது கை இன்னும் வரவில்லை. சிகிச்சைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. துணைக்குப் போன சித்தப்பாவுக்கு இருபத்திரண்டு நாள் கூலி போனது, சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கடன் வாங்கினார். இதை எந்தக் காப்பீட்டில் எழுதுவது?

கட்சிகளை இந்தக் கண்ணில் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். 108 ஆம்புலன்ஸ் 2008ல் கருணாநிதி ஆட்சியில் வந்தது. பா.ம.க.வின் அன்புமணி மத்திய அமைச்சராக இருந்தபோது 2005ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தது, கிராமத்துச் சுகாதார நிலையங்களுக்கு அது பெரிய உதவி. பழனிசாமி 2020 டிசம்பரில் 2,000 அம்மா மினி கிளினிக் என்று தொடங்கினார், டாக்டரையே ஊருக்குக் கொண்டுவரும் யோசனை, எனக்குப் பிடித்திருந்தது. அது தற்காலிக ஏற்பாடுதான் என்று சொல்லி 2022ல் தி.மு.க. அரசு மூடிவிட்டது. அவர்கள் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. எங்கள் பாட்டிக்கு அந்த அக்கா மாதம் தவறாமல் நடந்தே வந்து கொடுக்கிறார், அதை நன்றியோடு சொல்ல வேண்டும். அப்புறம், மாத்திரை கொடுக்க ஆள் வந்தால் டாக்டர் தேவையில்லை என்றோ டாக்டர் இருந்தால் மாத்திரைக்காரர் தேவையில்லை என்றோ ஆகாது. ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் மூடாமல் இருந்திருந்தால் எங்களுக்கு இரண்டும் கிடைத்திருக்கும்.

எம்.எல்.ஏ. ஆகிறவரால் காப்பீட்டுத் தொகையை மாற்ற முடியாது, அது கோட்டையில் முடிவாகிறது. மலையில் ராத்திரி டாக்டர் தங்குகிறாரா, 108 வண்டி மேலேயே நிற்கிறதா அல்லது கீழிருந்து ஏறி வருகிறதா, சாலை சரிந்தால் எத்தனை நாளில் சரி செய்வார்கள், இதெல்லாம் அவர் சட்டசபையில் எழுந்து கேட்டால் நடக்கக்கூடியவை. நான் இதைத்தான் கேட்பேன்.

---

கொண்டலாம்பட்டி தறி எழுதியது:

எல்லோரும் காப்பீட்டுக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். தனியார் மருத்துவமனைக்குப் போகும் அந்தக் காப்பீட்டுப் பணத்தை அரசு மருத்துவமனைக்கே கொடுத்தால் என்ன? இடதுசாரிக் கட்சிகள் ரொம்ப காலமாக இதைத்தான் சொல்கின்றன. என் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் நடந்தது. கூட்டம் அதிகம், படுக்கைக்கு இரண்டு நாள் காத்திருந்தோம், ஆனால் வைத்தியம் முதல் தரம். அட்டையே இல்லாவிட்டாலும் உள்ளே விடும் இடம் அது ஒன்றுதான். தறி ஓட்டுகிற எங்களில் பாதிப் பேருக்கு இ.எஸ்.ஐ.யும் இல்லை, அட்டையும் இல்லை, அந்த ஆஸ்பத்திரி மட்டும்தான் இருக்கிறது.

---

காப்பீட்டு மேசை எழுதியது:

அண்ணா, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே ஜி.ஹெச்.சும் காப்பீட்டில் பணம் கேட்கிறது, அந்தப் பணத்தில் கருவி வாங்குகிறார்கள், ஊழியர்களுக்கும் ஒரு பங்கு போகிறது. அதனால் அட்டை இருந்தால் அரசு மருத்துவமனைக்கும் காட்டுங்கள், இலவசம்தானே என்று விட்டுவிடாதீர்கள். வேட்பாளரிடம் கேட்கவும் இதில் நல்ல கேள்வி இருக்கிறது: மொத்தக் காப்பீட்டுப் பணத்தில் அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு, தனியாருக்கு எவ்வளவு, அந்த விகிதத்தை எந்தப் பக்கம் நகர்த்துவீர்கள்?

---

சூரமங்கலம் அக்கா எழுதியது:

கணக்கன் தம்பி, நீங்கள் நடுவில் மாட்டியதற்கு என்னிடம் இருக்கும் வழி சொந்தப் பாலிசிதான், அதற்கும் அரசியல் உண்டு. 2025 செப்டம்பர் 22லிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, முன்பு 18 சதவீதம் கட்டினோம். நோய்க்குப் பணம் சேர்ப்பவரிடம் இத்தனை வருஷம் வரி வாங்கியது தப்பு என்றே நினைக்கிறேன், நீக்கியதற்குச் சந்தோஷம். 65 வயதுக்கு மேல் பாலிசி கிடையாது என்ற வரம்பையும் 2024ல் எடுத்துவிட்டார்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம் அதிகபட்சம் நாலு வருஷமாக இருந்ததை மூன்றாக்கிவிட்டார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்த 68 வயதுக்காரருக்குப் பாலிசி கொடுக்கும் கம்பெனி பிரீமியத்தை எவ்வளவு போடும் என்று கேட்டுப் பாருங்கள், உங்கள் சம்பளத்தில் தாங்காது. அதனால் உங்களுக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் இப்போதே எடுத்துவிடுங்கள், வயது குறைவாக இருக்கும்போதே. அப்பா அம்மாவுக்கு அரசுத் திட்டத்தை விட்டால் வேறு வழி இல்லை, அங்கேதான் ஓட்டுக்கு வேலை இருக்கிறது.

---

வாழப்பாடி கணக்கன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில்களை இரண்டு முறை படித்தேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அப்பாவும் அம்மாவும் எங்களோடு ஒரே வீட்டில், ஒரே கார்டில்தான் இருக்கிறார்கள், அதனால் பிரித்துச் சான்று வாங்க முடியாது. வாங்கவும் மனசில்லை.

நேற்று சாயங்காலம் ஒரு கட்சிக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள், வேட்பாளர் என்று சொல்லப்படுகிறவரும் கூட இருந்தார். வரம்பை எவ்வளவு ஆக்குவீர்கள் என்று கேட்டேன். தலைமை அறிக்கையில் வரும் என்றார். சரி, அது உங்கள் கையில் இல்லை, மலையில் ராத்திரி டாக்டர் தங்குவாரா, 108 மேலே நிற்குமா, அது உங்கள் கையில்தானே என்று மாரமங்கலத்து நண்பர் எழுதியதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் நின்றார். நீ வாழப்பாடிதானே தம்பி, மலையைப் பற்றி ஏன் கேட்கிறாய் என்றார். ஒரே தொகுதிதானே அண்ணா என்றேன். கூட வந்தவரிடம் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மற்ற கட்சிக்காரர்கள் வரும்போதும் இதே இரண்டையும் இதே வரிசையில் கேட்கப் போகிறேன், என்ன சொன்னார்கள் என்று சொன்னது சொன்னபடி இங்கே எழுதுகிறேன். மாரமங்கலம் அண்ணா, மேலே வருகிறவர்களிடம் நீங்கள் வரம்பைப் பற்றிக் கேளுங்கள், நான் இங்கே டாக்டரைப் பற்றிக் கேட்கிறேன். சித்திக்குக் கைப்பயிற்சி தினமும் நடக்கிறதா?

---

மாரமங்கலம் மலை எழுதியது:

கேட்கிறேன் தம்பி. சித்தி இப்போது இடது கையில் டம்ளர் பிடிக்கப் பழகிவிட்டார். வெள்ளிக்கிழமை வரைக்கும் மேலே யாரும் வரவில்லை, வந்ததும் எழுதுகிறேன்.